அழைப்பு வராதவர்களுக்கு: அமெரிக்கக் கல்லூரி அணிக்குள் நுழையும் வழி

அமெரிக்காவில் இளங்கலை படிக்க இடம் கிடைத்துவிட்டது. பள்ளியில் மாவட்ட அளவில் ஓடியவர் நீங்கள், அல்லது நீந்தியவர், கூடைப்பந்து ஆடியவர். ஆனால் எந்தப் பயிற்சியாளரும் உங்களைத் தேடி வரவில்லை. விளையாட்டு உதவித்தொகை என்ற பேச்சே எழவில்லை. விளையாட்டு இத்தோடு முடிந்தது என்று வீட்டில் எல்லோரும் முடிவு கட்டியிருப்பார்கள். முடிய வேண்டியதில்லை. யாரும் அழைக்காமல் தானாக வந்து கேட்டுச் சேர்ந்த மாணவர்கள் அங்குள்ள கல்லூரி அணிகள் பலவற்றில் உண்டு. அவர்களை வாக்-ஆன் என்பார்கள்.

அமெரிக்கக் கால்பந்தில் (இங்கே கால்பந்து என்று சொல்வதெல்லாம் அதைத்தான்) பேக்கர் மேஃபீல்ட் அப்படி வந்தவர்தான். டெக்சஸ் டெக் பல்கலைக்கழகத்தில் ஒருமுறை, பிறகு ஓக்லஹோமாவுக்கு மாறியபோது மறுபடியும் ஒருமுறை என இரண்டு இடங்களிலும் வாக்-ஆனாகவே சேர்ந்தார். 2017-இல் கல்லூரிக் கால்பந்தின் உச்ச விருதான ஹைஸ்மன் கோப்பை அவருக்குக் கிடைத்தது. சூசன் ஃபிரான்சியா பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு படிக்கும்போதுதான் முதன்முதலாகத் துடுப்புப் படகில் ஏறினார். 2008 பெய்ஜிங், 2012 லண்டன் என இரண்டு ஒலிம்பிக்கிலும் எட்டுப் பேர் படகில் தங்கம் வென்றார். எல்லோருக்கும் இப்படி அமையாது. பெரும்பாலான வாக்-ஆன்கள் நான்கு ஆண்டும் பயிற்சியிலேயே கழித்து, சில போட்டிகளில் மட்டும் இறங்குவார்கள். அதற்கும் மனதார ஒப்புக்கொள்கிறவர்கள் மேலே படியுங்கள்.

முதலில், எந்த வாசல் வழியாக என்று முடிவு செய்யுங்கள்

வாக்-ஆன்களில் இரண்டு வகை உண்டு. பயிற்சியாளரே முன்கூட்டிப் பேசி, “உதவித்தொகை இல்லை, ஆனால் அணியில் இடம் உண்டு” என்று சொல்லி வைப்பது ஒன்று. இதற்குப் பெயர் பிரிஃபர்ட் வாக்-ஆன். வகுப்புகள் தொடங்கிய பிறகு நடக்கும் திறந்த தேர்வில், அதாவது டிரைஅவுட்டில், போய் நிற்பது இன்னொன்று. டிரைஅவுட் மட்டுமே வழி என்று நம்பி செப்டம்பர் வரை காத்திருக்கிறவர்கள் நிறைய. அதற்குள் இடங்கள் ஏறக்குறைய நிரம்பிவிடும். சேர்க்கைக்கு விண்ணப்பிக்கும்போதே பயிற்சியாளருக்கும் எழுதத் தொடங்கிவிடுவதுதான் என் யோசனை.

2025 ஜூலையிலிருந்து களம் கொஞ்சம் மாறியிருக்கிறது. கல்லூரி விளையாட்டை நடத்தும் என்சிஏஏ அமைப்பின் மேல் வீரர்கள் தொடுத்த, ஹவுஸ் வழக்கு என்று அழைக்கப்படும் வழக்கின் சமரசத்துக்கு நீதிமன்றம் ஒப்புதல் தந்தது. அதன்படி, அந்த ஏற்பாட்டில் சேர்ந்த டிவிஷன் 1 (என்சிஏஏ கல்லூரிகளைப் பிரித்திருக்கும் மூன்று மட்டங்களில் மேலானது) பல்கலைக்கழகங்கள் வீரர்களுக்கு நேரடியாகப் பணம் தரலாம். உதவித்தொகைகளுக்கு இருந்த உச்சவரம்பு போய், அணியில் இத்தனை பேர்தான் என்ற வரம்பு வந்தது. முன்பு கால்பந்தில் 85 பேருக்கு உதவித்தொகை தந்துவிட்டு, வாக்-ஆன்களைச் சேர்த்து 120-ஐத் தாண்டிய அணிகள் இருந்தன. இப்போது மொத்தமே 105. கூடைப்பந்தில் 15, டென்னிஸில் 10, கோல்ஃபில் 9. இந்த வரம்புகளின் அடி பெரிதும் விழுந்தது வாக்-ஆன்கள் மேல்தான், பலர் இடம் இழந்தார்கள். ஆகவே பெரிய பெயர் பெற்ற அணிகளைக் குறிவைப்பவர்கள், அந்தப் பல்கலைக்கழகம் இந்த ஏற்பாட்டில் சேர்ந்திருக்கிறதா என்பதை முதலில் விசாரியுங்கள்.

டிவிஷன் 3 வேறு உலகம். 400-க்கும் மேற்பட்ட கல்லூரிகள் அதில் இருக்கின்றன. அங்கே விளையாட்டுக்கென்று உதவித்தொகை யாருக்குமே கிடையாது. அணியின் நட்சத்திரமும் உங்களைப் போலவே கட்டணம் கட்டியோ, படிப்புக்கான உதவி பெற்றோதான் படிக்கிறார். நம் வீடுகளில் கனவாகப் பேசப்படும் எம்ஐடி, கால்டெக், சிகாகோ பல்கலைக்கழகம், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆகியவை பெரும்பாலான விளையாட்டுகளில் இந்தப் பிரிவில்தான் ஆடுகின்றன. கால்டெக்கின் ஆண்கள் கூடைப்பந்து அணி 1985 முதல் தன் லீக்கில் தொடர்ந்து 310 ஆட்டங்கள் தோற்று, 2011 பிப்ரவரியில் ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில் வென்றது. இடையில் வந்த ஒவ்வொரு ஆண்டும் மாணவர்கள் அணிக்கு வந்துகொண்டேதான் இருந்தார்கள். படிப்பும் வேண்டும், விளையாட்டும் வேண்டும் என்பவர்களுக்கு டிவிஷன் 3-ஐ நான் மனப்பூர்வமாகப் பரிந்துரைப்பேன்.

எந்த விளையாட்டு?

சிறிய அணி, இளமையிலேயே தேறிய ஆட்டக்காரர்கள், உலகெங்குமிருந்து வரும் போட்டி: இந்த மூன்றும் சேர்ந்தால் வாசல் குறுகும். டென்னிஸும் கோல்ஃபும் அப்படித்தான். தடகளம், கிராஸ் கன்ட்ரி, நீச்சல் ஆகியவற்றில் கடிகாரம் சொல்வதுதான் கணக்கு. அந்த அணியின் கடைசி ஆளின் நேரத்தை இணையத்தில் பாருங்கள். உங்கள் நேரம் அதற்கு அருகில் இருந்தால் பேச்சுக்கு இடமுண்டு. வாள்வீச்சில் அனுபவமே இல்லாதவரையும் சில கல்லூரிகள் சேர்த்துக்கொள்வதுண்டு.

பெண்களுக்கு மிக அகலமாகத் திறந்திருக்கும் கதவு துடுப்புப் படகு. 1972-இல் வந்த டைட்டில் 9 சட்டம் ஆண்களுக்கு நிகரான வாய்ப்பைப் பெண்களுக்கும் தரச் சொன்னது. கால்பந்தில் இருக்கும் பெரிய ஆண் கூட்டத்துக்கு ஈடுகட்ட, பல பல்கலைக்கழகங்கள் பெண்கள் படகு அணியைப் பெரிதாக வைத்திருக்கின்றன. புதிய வரம்பிலும் 68 பேருக்கு இடம் உண்டு. பள்ளியில் படகோட்டியவர்கள் குறைவு என்பதால், உயரமும் உழைப்பும் உள்ள புதியவர்களை வளாகத்திலேயே தேடிப் பிடிக்கிறார்கள். ஆண்கள் அணிகளிலும் இந்த மரபு பழையது. 1936 பெர்லினில் தங்கம் வென்ற வாஷிங்டன் பல்கலைக்கழக மாணவர்களில் பலர், அங்கே சேர்ந்த பிறகே துடுப்பைத் தொட்டவர்கள்.

படகு அணியின் தேர்வு பெரும்பாலும் தண்ணீரில் நடப்பதில்லை. எர்க் எனப்படும் துடுப்பு இயந்திரத்தில், 2,000 மீட்டர். ஊரிலேயே பெரிய ஜிம்களில் அந்த இயந்திரம் இருக்கும், பழகிவிட்டுப் போங்கள். இருக்கை சறுக்கும், திரையில், இந்த வேகத்தில் 500 மீட்டருக்கு எவ்வளவு நேரம் என்ற எண் ஒவ்வோர் இழுப்புக்கும் மாறிக்கொண்டே இருக்கும். புதியவர்கள் கையால் இழுப்பார்கள். இழுக்க வேண்டியது கால். முதலில் கால்கள் தள்ள வேண்டும், அடுத்து இடுப்பிலிருந்து உடல் சாய வேண்டும், கடைசியில்தான் கை மடங்க வேண்டும். திரும்பும்போது கை, உடல், கால் என்று தலைகீழ் வரிசை. ஆரம்ப வேகத்தில் அந்த எண் ஆசைகாட்டும். அதை நம்பி முதல் 500 மீட்டரை வீசி இழுத்தவர்கள் 1,200-ஐத் தொடும்போது தொடை எரிந்து, மூச்சு முட்டி, இயந்திரத்தின் மேலேயே சரிவதைப் பார்க்கலாம். நான்கு 500-களில் மூன்றாவதுதான் கொடுமை. நீங்கள் காப்பாற்றக்கூடிய ஒரு எண்ணை முன்பே முடிவு செய்து, மூன்றாவது 500 வரை அதிலேயே நில்லுங்கள். மிச்சம் இருந்தால் கடைசி 300 மீட்டரில் செலவழிக்கலாம். உங்கள் எண் சுமாராக இருந்தாலும், அடுத்த வாரம் அது குறைகிறதா என்பதையும் பயிற்சியாளர் கவனிப்பார்.

பயிற்சியாளருக்கு எழுதும் கடிதம்

அணியின் இணையப் பக்கத்தில், வீரர் சேர்ப்புக்கான ரெக்ரூட்டிங் படிவம் இருக்கும், அதை நிரப்புங்கள். அதோடு நில்லாமல் மின்னஞ்சலும் அனுப்புங்கள். தலைமைப் பயிற்சியாளரைவிட, உங்கள் பிரிவைக் கவனிக்கும் உதவிப் பயிற்சியாளர் பதில் போடும் வாய்ப்பு அதிகம். ‘ரெஸ்பெக்டட் சார்’ வேண்டாம். ‘கோச்’ என்று போட்டு அவருடைய குடும்பப் பெயரைச் சேர்த்தால் போதும். அங்கே அதுதான் மரியாதை. அப்பாவோ அம்மாவோ உங்களுக்காக எழுதக் கூடாது, எழுதினால் அது உங்களுக்கு எதிராகத்தான் வேலை செய்யும்.

தலைப்பு வரியிலேயே விஷயம் முடிந்துவிட வேண்டும்: சேரும் ஆண்டு, விளையாட்டு, சிறந்த நேரம் அல்லது ஆடும் இடம், பெயர். உள்ளே பத்து வரி போதும். “இந்த ஃபால் பருவத்தில் உங்கள் பல்கலைக்கழகத்தில் சேர்கிறேன். உதவித்தொகை கேட்கவில்லை. 800 மீட்டரில் என் சிறந்த நேரம் இது, இந்தப் போட்டியில், இந்தத் தேதியில். வாக்-ஆனாக வாய்ப்பு உண்டா? டிரைஅவுட் எப்போது?” இவ்வளவுதான். வீடியோ இருந்தால் இரண்டு மூன்று நிமிடத்துக்குள் வெட்டி, இணைப்பைத் தாருங்கள். பாட்டுப் போட வேண்டாம்.

எண்களில் கவனம் வேண்டும். கையால் எடுத்த நேரமா, மின்னணுக் கருவி எடுத்ததா என்று சொல்லிவிடுங்கள். நம் ஊர்ப் போட்டிகள் பலவற்றில் கைக்கடிகார நேரம்தான், அது சற்றுக் குறைவாகவே காட்டும். மறைத்தால் முதல் பயிற்சியிலேயே தெரிந்துவிடும். நீச்சல்காரர்கள் குளத்தின் நீளத்தைச் சேர்த்து எழுதுங்கள். அமெரிக்கக் கல்லூரிப் போட்டிகள் 25 கஜக் குளத்தில் நடக்கின்றன. உங்கள் 50 மீட்டர் குள நேரத்தை அவர்களே மாற்றிக் கணக்கிட்டுக்கொள்வார்கள்.

இரண்டு வாரத்தில் பதில் வராவிட்டால் மறுபடியும் எழுதலாம். அதற்குப் பிறகும் மௌனம் என்றால், வளாகத்துக்குப் போனவுடன் அலுவலகத்திலேயே நேரில் போய்ப் பாருங்கள். பயிற்சியாளர் ஒருவரின் அஞ்சல்பெட்டியில் விழும் கடிதங்களின் எண்ணிக்கை மிகப் பெரிது. பதில் இல்லை என்பதை மறுப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

காகித வேலைகள்

டிவிஷன் 1 அல்லது 2-இல் ஆட வேண்டுமானால் என்சிஏஏ தகுதி மையத்தில் பதிவு செய்ய வேண்டும். 9 முதல் 12-ஆம் வகுப்பு வரை மதிப்பெண் பட்டியல்கள் கேட்பார்கள். டிவிஷன் 1-க்கு 16 அடிப்படைப் பாடங்களும் அவற்றில் 4-க்குக் குறைந்தது 2.3 சராசரியும் தேவை. நம் பிள்ளைகளுக்கு மதிப்பெண் ஒரு பிரச்சினையாக இராது, தாமதம்தான் பிரச்சினை. பள்ளியிலிருந்து சான்று வாங்க அலைவதை விமானம் ஏறுவதற்கு முன்பே முடித்துவிடுங்கள். டிவிஷன் 3-இல் இந்தத் தொல்லை குறைவு. கல்லூரியே தகுதியைப் பார்த்துக்கொள்ளும்.

களத்தில் கால் வைக்கும் முன் மருத்துவப் பரிசோதனை கட்டாயம், அதுவும் கடந்த ஆறு மாதத்துக்குள் எடுத்ததாக இருக்க வேண்டும். சிக்கிள் செல் என்ற பரம்பரை இரத்தக் கோளாறுக்கான பரிசோதனை முடிவும் கேட்பார்கள். எந்தப் படிவத்தில் வேண்டும் என்று கேட்டுக்கொண்டு பரிசோதனைக்குப் போங்கள்.

எம்.எஸ். படிக்கப் போகிறவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. விளையாடத் தகுதியுள்ள ஆண்டுகளின் கணக்கில், இந்தியாவில் முழுநேரமாகக் கல்லூரி படித்த காலமும் சேரும். பி.இ. நான்கு ஆண்டு முடித்துவிட்டுப் போகிறவருக்கு மிச்சம் இருப்பது சொற்பம். பள்ளிக்கும் கல்லூரிக்கும் நடுவே இடைவெளி விட்டுப் போட்டிகளில் ஆடியிருந்தாலும் சிக்கல் வரலாம். இந்த விதிகள் அடிக்கடி மாறுகின்றன. விளையாட்டுத் துறையில் விதிகளைக் கவனிக்கும் கம்ப்ளையன்ஸ் அலுவலகத்தில் உங்கள் தேதிகளை அப்படியே வைத்துக் கேளுங்கள். அவர்கள் வேலையே அதுதான்.

எஃப்-1 என்ற மாணவர் விசாவில் போகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. அணியில் ஆடுவதால் விசாவுக்கு எந்த இடையூறும் இல்லை. ஆனால் பெயரையும் படத்தையும் வைத்து விளம்பரப் பணம் வாங்குவது இப்போது அங்கே சகஜம். சக வீரர்கள் உள்ளூர்க் கடையில் ஒப்பந்தம் போடுவதைப் பார்ப்பீர்கள். அது உங்களுக்கு வேலை செய்ததாகக் கருதப்படலாம். சர்வதேச மாணவர் அலுவலகத்தைக் கேட்காமல் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

சேர்ந்த பிறகு: அடுத்தவரின் வேடம்

வாக்-ஆனின் உண்மையான வேலை இங்கேதான் தொடங்குகிறது. கால்பந்திலும் கூடைப்பந்திலும் ஸ்கவுட் டீம் என்று ஒன்று உண்டு. அடுத்த வாரம் எதிர்த்து ஆடப்போகும் அணியின் ஆட்டத்தை வீடியோவில் பார்த்துப் பழகி, பயிற்சியில் அந்த அணியாகவே ஆடிக் காட்டுவது அவர்கள் பொறுப்பு. இந்த வாரம் நீங்கள் எதிரணியின் இடதுகை ஷூட்டர். அவர் பந்தை வாங்கும் முன் எந்தக் காலைப் பின்வைக்கிறார், தடுப்பாளரை வழிமறித்து நிற்கும் தோழரை, அதாவது ஸ்கிரீனை, சுற்றி எந்தப் பக்கம் வளைகிறார், தடுத்தால் எங்கே பாஸ் போடுகிறார் என்பதெல்லாம் உங்கள் உடம்பில் ஏற வேண்டும். நீங்கள் தத்ரூபமாக ஆடினால்தான் உங்கள் அணியின் முதல் ஐவர் சனிக்கிழமை ஏமாறாமல் இருப்பார்கள். அடுத்த வாரம் வேறு ஆள், வேறு நடை. நாடகத்தில் சின்ன வேடக்காரர் செய்வதற்கு மிக அருகில் இருக்கும் வேலை இது. இதை இரண்டாந்தர வேலையாக நினைத்தவர்கள் சீக்கிரம் விலகிவிடுவார்கள். ரசித்துச் செய்கிறவரைத்தான் பயிற்சியாளர் பெயர் சொல்லி அழைக்கத் தொடங்குவார்.

நாட்டர் டேம் பல்கலைக்கழகத்தில் ரூடி ருட்டிகர் என்ற மாணவர் இரண்டு பருவம் ஸ்கவுட் டீமில் அடி வாங்கினார். 1975 நவம்பரில், தன் கடைசி உள்ளூர் ஆட்டத்தின் இறுதி நொடிகளில் இறக்கிவிடப்பட்டு, எதிரணியின் குவார்ட்டர்பேக்கை, அதாவது பந்தை எறியும் ஆட்டக்காரரை, வீழ்த்தினார். தோழர்கள் அவரைத் தோளில் தூக்கிச் சென்றார்கள்.

நேரக் கணக்குக்கு வருவோம். டிவிஷன் 1, 2-இல் பருவ காலத்தில் வாரம் 20 மணி நேரம், நாளொன்றுக்கு 4 மணி, வாரத்தில் ஒரு நாள் ஓய்வு என்பது என்சிஏஏ விதி. பேருந்துப் பயணமும் பிசியோ அறையும் அதில் அடங்காது. ஆய்வகப் பாடங்கள் பிற்பகலில் வைக்கப்படுவதுண்டு, பயிற்சியும் அப்போதுதான். பாடங்களைத் தேர்ந்தெடுக்கும் முன்பே பயிற்சி அட்டவணையைக் கேட்டு வாங்குங்கள்.

கல்விக் கட்டணம் உங்களுடையது. சீருடை, பயிற்சி, மருத்துவக் கவனிப்பு அணியுடையது. 2014 முதல் டிவிஷன் 1-இல் வாக்-ஆன்களுக்கும் சாப்பாடு தர அனுமதி உண்டு, கேட்கத் தயங்காதீர்கள். வெளியூர் ஆட்டங்களுக்கு எல்லோரையும் அழைத்துப் போக மாட்டார்கள். காப்பீட்டை மட்டும் வரி வரியாகப் படியுங்கள்: சில மாணவர் காப்பீட்டுத் திட்டங்கள் கல்லூரி அணியில் ஆடும்போது ஏற்படும் காயத்தை ஏற்பதில்லை. முழங்கால் அறுவை சிகிச்சை ஒன்று வந்தால் செலவு யாருடையது என்பதற்குப் பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

வீட்டிலிருந்து கட்டிக் கொடுக்கும் லேகியம், சூரணம், புரதப்பொடி எதுவானாலும் வீரர்களின் உடல்நலத்தையும் காயங்களையும் கவனிக்கும் அணியின் அத்லெட்டிக் டிரெய்னரிடம் காட்டிவிட்டுச் சாப்பிடுங்கள். ஊக்கமருந்துச் சோதனையில் ‘எனக்குத் தெரியாது’ என்ற பதில் செல்லாது. விளையாட்டில் பந்தயம் கட்டுவதும் கூடவே கூடாது, நண்பர்களோடு சின்னத் தொகைக்குக்கூட.

இடம் கிடைக்கவில்லை என்றால்

பெண்கள் கூடைப்பந்து அணிகள் பல, பயிற்சியில் எதிர்த்து ஆட ஆண் மாணவர்களைச் சேர்த்துக்கொள்கின்றன. டென்னசி பல்கலைக்கழகத்தின் புகழ்பெற்ற பயிற்சியாளர் பாட் சம்மிட் இந்த முறையைப் பெரிதும் பயன்படுத்தியவர். பள்ளி அணியில் ஆடிய, ஆனால் ஆண்கள் அணியில் இடம்பெற முடியாத ஒருவருக்கு அருமையான வாய்ப்பு இது. தகுதி விதிகள் இங்கும் பொருந்தும். அணி மேலாளர் குழுவிலும் இடம் கேட்கலாம். கிரிக்கெட் ஆடுகிறவர்களுக்கு அதிகாரபூர்வ அணி கிடையாது, கிளப் அணிதான். ஆனால் இந்திய, இலங்கை, பாகிஸ்தான் மாணவர்கள் உள்ள வளாகங்கள் பலவற்றில் அந்தக் கிளப்புகள் சுறுசுறுப்பாக இருக்கின்றன. முதல் ஆண்டு முழுக்கக் கிளப்பில் உழைத்து, அடுத்த ஆண்டு மறுபடியும் டிரைஅவுட்டுக்குப் போவதில் தவறே இல்லை. போகும் முன் பயிற்சியாளரிடம், “எதில் குறை?” என்று நேராகக் கேட்டுக்கொள்ளுங்கள். தெளிவாகச் சொல்வார்கள்.

மேடை ஆசை உள்ளவர்களுக்கு

நாடகத் துறையின் சின்ன வேடங்களுக்கும் இதே போல ஒரு வாசல் உண்டு. பல பல்கலைக்கழகங்களில் ஆடிஷன் எல்லாத் துறை மாணவர்களுக்கும் பொது. கணினி அறிவியல் படிக்கிறவர் போய் நிற்கலாம். ஓரிரு நிமிடத் தனிவசனம் ஒன்றை மனப்பாடமாக வைத்திருங்கள். உங்கள் வயதுக்குப் பொருந்தும், யாரோ ஒருவரிடம் பேசுவது போன்ற வசனம் நல்லது. அமெரிக்க உச்சரிப்பைப் போலிசெய்யாதீர்கள். வசனம் தெளிவாகக் கேட்டால் போதும். படிவத்தில் ‘எந்த மாலைகளில் வர முடியாது’ என்று கேட்பார்கள். பயமில்லாமல் உண்மையை எழுதுங்கள், வேடம் கிடைத்த பிறகு ஒத்திகைக்கு வராதவரை அடுத்த முறை கூப்பிட மாட்டார்கள். வேடம் கிடைக்காவிட்டால் ஒளியமைப்பிலோ உடையலங்காரத்திலோ கைகொடுக்க முன்வாருங்கள். ஒரு தயாரிப்பில் கூடவே நின்றவரை இயக்குநர்கள் மறப்பதில்லை.

வளாகத்துக்கு வெளியே சினிமா, தொலைக்காட்சிப் படப்பிடிப்புகளில் கூட்டத்தில் நிற்கச் சம்பளம் தருவார்கள். எஃப்-1 மாணவருக்கு வேலை அனுமதி இல்லாமல் அது கூடாது. வளாக மேடையில் சம்பளம் இல்லாமல் நடிப்பதற்கு அந்தத் தடை இல்லை. ஒத்திகைகள் பெரும்பாலும் மாலையில்தான் நடக்கும். அணிப் பயிற்சியும் வைத்திருக்கிறவர்கள், தங்கள் விளையாட்டுக்குப் போட்டி இல்லாத பருவத்தில் வரும் நாடகத்துக்குப் பெயர் கொடுங்கள்.